42-இல் தோற்றவர், 33-இல் வென்றார்



அமெரிக்க அரசியல் பேசும் நண்பர்கள் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. மதப்பற்று மிகுந்த பழமைவாதிகளின் ஓட்டு இல்லாமல், குடியரசுக் கட்சியில் ஒரு மிதவாதி ஜெயிக்க முடியுமா? நான் உடனே அக்கட்சியின் செனட்டராக இருந்த ஜான் மெக்கெய்னைப் பேச்சுக்கு இழுப்பேன்.

2000 பிப்ரவரி முதல் தேதி, நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷை அவர் மண்ணைக் கவ்வ வைத்தார். அடுத்தது தென் கரோலினா. தேவாலயம் கைகாட்டும் பக்கம் ஓட்டு விழும் மாநிலம். மெக்கெய்ன் தம்பதி வங்கதேசத்து அநாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்து வளர்த்த சிறுமியை, அவருக்குக் கள்ள உறவில் பிறந்த கறுப்பினக் குழந்தை என்று துண்டுச்சீட்டிலும் தொலைபேசியிலும் வதந்தி கிளப்பிவிட்டார்கள். புஷ்ஷுக்கு 53 சதவீதம், இவருக்கு 42. ஆத்திரம் அடங்காத மெக்கெய்ன், சில நாட்களில் வர்ஜீனியாவுக்குப் போய், பாட் ராபர்ட்சன், ஜெர்ரி ஃபால்வெல் என்ற இரு பெரும் மதத் தலைவர்களைச் சகிப்பின்மையின் ஏஜென்டுகள் என்று பெயர் சொல்லியே சாடினார். மறுநாள் அந்த மாநிலமும் போயிற்று. மார்ச் 9-இல் போட்டியிலிருந்தே விலகினார்.

இத்தனைக்கும் செனட்டில் கருக்கலைப்பை எதிர்த்தே பெரும்பாலும் ஓட்டுப் போட்டவர் அவர். ஆனாலும் 'நம்ம ஆள்' என்று மதப் பழமைவாதிகள் நம்பவில்லை. கொள்கை ஒத்துப்போனால் ஓட்டு தானாக வரும் என்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2006-இல் அதே ஃபால்வெல்லின் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு உரை நிகழ்த்தினார் மெக்கெய்ன். சமாதானமா, சரணாகதியா என்று கேலி பேசினார்கள். 2008-இல் மறுபடி தென் கரோலினா. இம்முறை பாப்டிஸ்ட் போதகராக இருந்த மைக் ஹக்கபியே களத்தில். பக்திமான்களின் ஓட்டு அவருக்குத்தான் அதிகம். ஆனால் இன்னொரு போட்டியாளரான ஃப்ரெட் தாம்சனும் அதே தோட்டத்தில் கைவைத்து 16 சதவீதத்தைப் பறித்துக்கொண்டார். ஹக்கபிக்கு 30, மெக்கெய்னுக்கு 33. முன்பு பெற்றதைவிடக் குறைந்த சதவீதத்தில் ஜெயித்துவிட்டார்! ஆக, உட்கட்சித் தேர்தலைப் பொறுத்தவரை என் பதில் இதுதான்: முடியும், பழமைவாதிகள் பிரிந்து நின்றால்.

வேட்பாளராகி அவர் சந்தித்த நவம்பர் அதிபர் தேர்தலின் கணக்கு வேறு. துணை அதிபர் வேட்பாளராக அவர் மனதில் இருந்தவர் செனட்டர் ஜோ லீபர்மன். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர் என்பதால் கட்சி மாநாட்டிலேயே கலகம் வெடிக்கும் என்று ஆலோசகர்கள் பயந்தார்கள். அவருக்குப் பதிலாக சாரா பேலின் வந்தார். வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு மெக்கெய்னுக்கே போட்டார்கள். நடுநிலையாளர்கள் எதிர்த்து நின்ற ஒபாமா பக்கம் போய்விட்டார்கள். லீபர்மனைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதற்காக வருந்தியதை 2018-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் மெக்கெய்ன் எழுதியிருக்கிறார். லீபர்மன் வந்திருந்தாலும் மெக்கெய்ன் ஜெயித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலான பிறகு, ஆளுங்கட்சி வேட்பாளர் யாராக இருந்தாலும் கரையேறுவது கடினம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்