கச்சேரி முடிந்ததும் கிளம்பிவிடக் கூடாது

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்து குவிந்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்குப் பத்து மாதம் முன்பு நடந்த ஒன்றை அதிகம் பேர் பேசவில்லை. 2024 மே மாதம் சென்னை ஐஐடியில் இளையராஜா பெயரில் இசை கற்றல், ஆராய்ச்சி மையம் தொடங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. கச்சேரி ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். கல்விக்கூடத்துக்குள் இசை குடியேறினால் அது தலைமுறைக்கும் நிற்கும்.

மேல்நாட்டில் பெரிய இசைக்குழுக்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் சில நாட்கள் அங்கேயே தங்குவார்கள். ஒத்திகையைக் கதவு திறந்து வைத்து நடத்துவார்கள். மாணவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். கடைசி நாள்தான் கச்சேரி. இதை ‘ரெசிடென்சி’ என்கிறார்கள்.

இது நமக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1963-லேயே நம் மிருதங்க வித்வான் தி. ரங்கநாதனை அழைத்துத் தங்கவைத்துக் கற்பிக்கச் சொன்னது. பின்னாளில் அவர் தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கே ஆசிரியரானார். இருவரும் வீணை தனம்மாளின் பேரன்கள். ரங்கநாதனிடம் தொடங்கிய ஓர் அமெரிக்க மாணவர்தான் பிறகு இங்கே வந்து முறையாகக் கற்று, ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று பெயர் வாங்கினார். நம் வித்வான் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காக்காரன் கண்டுகொண்டான். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் நாம் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் இருங்காட்டுக்கோட்டையிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கிறீர்கள். சிலர் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் பேராசிரியர்கள். உங்கள் கல்லூரி ‘கல்சுரல்ஸ்’ செலவை நினைத்துப் பாருங்கள். எல்இடி திரை, ஒலிபெருக்கி வாடகை, டிஜே, சினிமா விருந்தினர். ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் முடிந்து, காலையில் மைதானத்தில் தண்ணீர் பாட்டில்கள்தான் கிடக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஐந்து நாளைக்கு ஒரு நாதஸ்வர தவில் குழுவைக் கல்லூரி விருந்தினர் விடுதியில் தங்கவைக்க முடியாதா?

‘பொறியியல் பையனுக்கு நாதஸ்வரம் எதற்கு சார்?’ என்பீர்கள். தவிலைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்த கூடு. இருபுறமும் வேறு வேறு தோல், வேறு வேறு இழுவிசை. முன்பு வாரால் இழுத்துக் கட்டியதை இன்று இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் போட்டு முறுக்குகிறார்கள். உங்கள் அசெம்பிளி லைனில் டார்க் ரெஞ்ச் செய்கிற வேலையைத் தவில்காரர் காதை வைத்துச் செய்கிறார். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஆச்சா மரம், நாணலில் செய்த சீவாளி, காற்றுத் தம்பத்தின் நீளம் எல்லாமே இயற்பியல் பாடம். காரில் சத்தத்தைக் குறைக்கப் படிக்கிற பிள்ளை, சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்கட்டுமே.

கலைஞர்களுக்கும் இதில் லாபம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண முகூர்த்தம் இல்லை. மேளக்காரர் வீட்டில் அடுப்பு மெதுவாக எரியும் மாதங்கள். ஆடி மாதம் கல்லூரி திறந்திருக்கும் காலம். காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளியே இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். கெஸ்ட் லெக்சரருக்குக் கொடுக்கிற மரியாதையும் சம்பளமும் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பக் கூடாது.

கல்லூரியோடு நிற்கவும் கூடாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறந்தார்கள். ஒரு சிற்றூரே குடியிருக்கலாம். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள், ஊரைவிட்டு வந்து ஷிப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே வாழ்கிறார்கள். அவர்களில் பலர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். காலை ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் அந்தக் குழு அங்கேயும் போகலாம். வாசிப்பதோடு நிறுத்தாமல், ஆசைப்படுகிற பெண் கையில் தவில் கழியைக் கொடுக்க வேண்டும்.

‘முதலில் அவர்களுக்கு நல்ல சோறும் சம்பளமும் கிடைக்கட்டும்’ என்று சிலர் சொல்வீர்கள். முழுக்கச் சரி. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை இந்த வட்டாரம் மறக்காது. சோற்றுக்குப் பதில் இசை என்றால் நானே எதிர்ப்பேன். ஆனால் சோறு சரியாகும்வரை அவர்களுக்கு வேறொன்றும் வேண்டாம் என்பதும் ஒருவகை மேட்டிமைதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படியா சொல்கிறோம்? பாட்டு வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் நாமே வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம்.

ராமானுஜர் பிறந்த மண் இது. குரு ரகசியமாகத் தந்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னவர் என்று போற்றுகிறோம். நல்லதை மதிலுக்குள் வைத்துப் பூட்டாதே என்பதுதானே அதன் பொருள்?

பேராசிரியர்களாக இருக்கிற பிள்ளைகள் அடுத்த கல்சுரல்ஸ் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஹெச்ஆரில் இருப்பவர்கள் சிஎஸ்ஆர் நிதியில் இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கல்லூரி, ஐந்து நாள், அடுத்த ஆடியில். யாரால் முடியும் என்று கீழே எழுதுங்கள். கலைஞர்களைத் தேடி காஞ்சிபுரத்துக்கு அலைகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பஸ் பாஸ் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.