பாதிக்கப்பட்டோர் பேசட்டும், நாம் செவிகொடுப்போம்





மதீனாவில் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்னும் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட வந்தார். மனைவியைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு விலக்கிவைக்கும் ‘ளிஹார்’ என்ற அறியாமைக்கால வழக்கத்தால் பாதிக்கப்பட்டவர் அவர். தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்தார். அவருடைய முறையீட்டை அல்லாஹ் செவியுற்றான் என்ற அறிவிப்புடனேயே குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அதன் பெயர் அல்முஜாதலா. பாதிக்கப்பட்டவரின் வாதத்தைத் தொடர்ந்து சட்டம் இறங்கியது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் வரலாற்றிலும் இத்தகைய முறையீட்டைக் காண்கிறோம். 1986இல் சென்னையில்தான் இத்தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் தொற்றுக்கு ஆளானவர்களே சென்னையில் அமைப்புகளைத் தொடங்கினர். அவற்றுள் ஒன்று, 1998இல் பி. கௌசல்யாவும் தோழியரும் நிறுவிய பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பு. முகம் மறைத்து வாழும்படி சமூகம் சொன்ன காலத்தில், அவர்கள் தம் பெயருடன் அரசின் முன் நின்றனர். 2004 ஏப்ரல் 1 முதல் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றது.

பல்லாண்டு வலியுறுத்தலுக்குப் பின் 2017இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. ஒருவரின் நோய்நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. ஆயினும் மருந்து வழங்கும் பிரிவில் ‘இயன்றவரை’ என்னும் சொல் இடம்பெற்றது. நீக்கக் கோரியும் அது நீங்கவில்லை. அச்சொல்லின் பொருளை, 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டால் தில்லியில் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாயிலில் அமர்ந்திருந்தவர்களே நன்கறிவர்.

திருத்தணியில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தியன்று. எல்லைப்புற மக்கள் தாமே குரலெழுப்பியதால்தான், ம.பொ.சி. முன்னின்ற போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று நம்மில் சிலருக்கு வீடு இங்கே, பிழைப்பு நகரியிலோ புத்தூரிலோ. மருந்து தொடர்ந்து உண்ணவேண்டிய ஒருவர் இப்படி இரு மாநிலங்களுக்கிடையே வாழ்ந்தால், எந்த மையத்தில் பதிவு செய்வது, தெரிந்தவர் கண்ணில் படாமல் எப்படிச் சென்றுவருவது, அன்றைய கூலியை எப்படி ஈடுகட்டுவது என்பவற்றை அவரே அறிவார். கொள்கை வகுப்போரின் அவையில் அவருக்கு இருக்கை வேண்டும் என்பது இதனாலேயே. அது நாம் இரக்கப்பட்டு அளிக்கும் சலுகையாகாது. அவரிடமுள்ள அறிவு வேறெவரிடமும் இல்லை.

“தவறான வழியில் வந்த நோய்தானே?” என்று சிலர் கேட்பர். கணவனிடமிருந்து பெற்ற மனைவியர் பலர். பிறப்பிலேயே பெற்ற குழந்தைகளும் உளர். எவ்வழியில் வந்திருப்பினும் தீர்ப்பு அல்லாஹ்வுக்குரியது. மருந்தும் மரியாதையும் நோயாளிக்குரியவை.

தில்லியில் பேசும் துணிவு, முதலில் தம் தெருவில் பேச இயன்றால்தான் பிறக்கும். ஆதலால் நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை உள்ளன. ஒருவர் நம்பிச் சொன்ன நோய்ச்செய்தியை நிர்வாகிகள் அமானிதமாகக் காக்க வேண்டும். திருமணம் பேசுகையில் வாழ்க்கைத் துணையாக வருபவரிடம் நோயை மறைத்தல் கூடாது. ஆனால் மஹல்லா முழுவதும் அதை அறியவேண்டியதில்லை. இத்தொற்றால் இறந்தவரின் ஜனாஸாவை, கையுறை போன்ற வழக்கமான பாதுகாப்புடன் பிறரைப் போலவே குளிப்பாட்டி அடக்கலாம். ஜும்ஆ பயானில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைப் பேசலாம். சட்டப்படி முறையிட விரும்புவோருக்கு மனு எழுதவும் உடன்செல்லவும் நம் இளைஞர்கள் துணைநிற்கலாம். பேச்சு மட்டும் அவருடையதாகவே இருக்கட்டும்.

முதுமையில் கவ்லா (ரலி) வழிமறித்துப் பேசியபோது, கலீஃபா உமர் (ரலி) நின்று கேட்டார் என்பர். அல்லாஹ்வே செவியுற்ற குரலை நாம் கேளாதிருக்கலாமா?

பாதிக்கப்பட்டோரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.