சங்கிலிக்கு முதல் சந்தியைக் காட்டுங்கோ

எங்கட வீடுகளில குட்டி வந்த கையோட படலையடியில சங்கிலி. ஆட்களோட பழகினா காவல் காக்காதாம். பிறகு தபால்காரரில பாய்ஞ்சா "சாதி அப்பிடி" எண்டு சொல்லுறம். (நாயிலயும் சாதி!)

பிறந்து 3 கிழமையில இருந்து 14 கிழமை வரைதான் குட்டி புதுசுகளைப் பெரிசாப் பயப்படாமல் பழகும். அதுக்குள்ள காணாத ஹெல்மெட், குடை, ஓட்டோச் சத்தம் எல்லாம் பிறகு எதிரிதான். நாங்கள் காவல் எண்டு பெருமைப்படுறது அனேகமா அந்தப் பயத்தை.

"ஊசியெல்லாம் முடியட்டும்" எண்டுறது பாதி நியாயம். பார்வோ பொல்லாதது, தெருநாய் திரியிற நிலத்தில இறக்கக்கூடாது. ஆனால் ஊசி முடிய 16 கிழமையாவது ஆகும். அதுவரை தூக்கிக்கொண்டு போகலாமே! சைக்கிள் கூடையில வைச்சுச் சந்தியைக் காட்டுங்கோ. மிரண்டா கிட்ட இழுக்காதேங்கோ, தூர நிண்டு பாக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் காணும்.