தோட்ட மருந்தகம் யாருடைய பொறுப்பு?

கண்டி நகரத்திலே தேசிய வைத்தியசாலை இருக்கின்றது. பேராதனையிலே போதனா வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. அங்கு சிகிச்சை இலவசம். ஆயினும், தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, ரங்கலை மலைகளில் வாழும் தொழிலாளி நோயுற்றால் முதலில் நாடுவது பெரும்பாலும் தோட்ட மருந்தகத்தையே. பல தோட்டங்களில் இன்றும் அதை நடத்துவது அரசாங்கமன்று, கம்பெனி.

இம்முறை எங்கிருந்து வந்தது? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோயுற்றோரைக் கவனிப்பதும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிப்பதும் தோட்டத்துரையின் கடமை என்றது. இரக்கத்தால் இயற்றப்பட்ட சட்டமென்று நாம் கருதவில்லை. கொழுந்து பறிக்கும் கை ஓயலாகாது என்பதே அதன் கணக்கு. ஆயினும் கடமை இன்னாருடையது என்றாவது அது எழுதி வைத்தது. அச்சட்டத்தின் பார்வையில் தொழிலாளி தோட்டத்துக்குரிய ஆளேயன்றி நாட்டின் பிரஜை அல்லன்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் அவனது பிரஜாவுரிமையை மறுத்தது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதை வழங்கியது. இடையே 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. பிரஜையாகிவிட்ட ஒருவனின் நோய்க்கு அவனுடைய முதலாளியைப் பொறுப்பாளியாக்கும் முறை மட்டும் மாறவில்லை.

சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்றதையும், அரசாங்க மருத்துவிச்சியர் தோட்டங்களுக்குச் செல்வதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு கூறுவதென்ன? ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்குப் 17. தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32. இதற்கு வறுமையும் காரணமே. அதனாற்றான் அங்கு வைத்திய வசதி கூடுதலாக வேண்டும்.

செக்றோலில் பெயருள்ளவனையாவது கம்பெனி தன் ஆளென்று கொள்ளும். ஓய்வு பெற்ற முதியவர்? லயத்தில் குடியிருந்து கண்டிக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞன்? இவர்களைப் பார்க்கக் கம்பெனிக்குக் கடமையில்லை. அரசாங்கமோ தோட்டத்தைக் காட்டிவிடுகிறது.

கண்டி மாவட்டத்தில் அரசு இன்னும் ஏற்காத தோட்ட மருந்தகங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றையும் ஏற்கும் திகதியையும் சுகாதார அமைச்சு வெளியிடவேண்டும். தமிழ் அரசியலமைப்பின்படி அரசகரும மொழி. ஆதலால் தமிழறிந்த வைத்தியரும் தாதியரும் அங்கு நியமிக்கப்படவேண்டும். எலிக்காய்ச்சலுக்கு அஞ்சி வயலில் இறங்கும் அயற்கிராம விவசாயிக்கும், அவர் எவ்வினத்தவராயினும், அக்கதவு திறந்திருக்கவேண்டும். மலையக மக்களின் வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றோர் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இதனை எழுப்புவார்களா என்று கேட்கின்றோம்.