கூரைமேல் கதிர்த்தகடு: யார்க்கு ஊதியம்?

கதிரவனொளியை மின்னாக்கும் தகடுகளைக் கூரைமேற் பொருத்தினால் மின்கட்டணமே இராது என்னும் பேச்சு, செங்கழுநீர்ப்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை பரவியுள்ளது. எண்ணிப் பாராது கடன்படுதல் நன்றன்று.

மூன்று கிலோவாட்டுத் தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 அலகு மின்னாற்றல் தரும். இருதிங்களில் 700 அலகளவாகும். நடுவணரசின் 2024-ஆம் ஆண்டுத் திட்டம் இவற்றிற்கு 78,000 உருபா உதவித்தொகை வகுத்தது. எனினும் எஞ்சுஞ் செலவும் சிறிதன்று.

தமிழகத்தில் இருதிங்களுக்கு முதல் 100 அலகு 2016-இல் கட்டணமற்றதாயிற்று. அதற்குமேல், செலவு கூடக்கூட வீதமுங் கூடும். ஆதலின், 200 அலகோடு நிற்கும் எளியோர் வீட்டில் மிஞ்சுவது சில நூறு உருபாவே. கடன்வட்டிக்கும் அது போதாது. 500 அலகைத் தாண்டும் வீட்டிற்கோ, சில ஆண்டுகளில் முதல் மீளும்.

கடலோரத்தார் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். உப்புக்காற்று சட்டங்களை அரிக்கும். 2022 திசம்பரில் மாண்டசுப் புயல் மாமல்லபுரத்தருகே கரைகடந்ததை மறத்தலாகாது. துருவேறாச் சட்டமும் வலிய பிணிப்பும் இன்றியமையாதன. மேலும், மின்கலமில்லாத் தகடு மின்வெட்டில் விளக்கேற்றாது. கம்பியிற் பணிபுரிவாரைக் காக்கவே அது தானே நின்றுவிடும்.

ஓராண்டின் ஆறு கட்டணச் சீட்டுகளையுங் கூட்டிப் பார்த்தபின் முடிவுசெய்க. கூரை புயலைத் தாங்குமா என்பதோடு, குடும்பம் கடனைத் தாங்குமா என்றும் எண்ணுக.