கண்ணிவெடி தாங்கும் வாகனங்களுக்கு உள்ளுறைத் துணி: சங்கரன்கோவில் விசைத்தறியாளர் கோரிக்கை மனு

அனுப்புநர்: விசைத்தறி உற்பத்தியாளர் சங்க நிர்வாகிகள், சங்கரன்கோவில்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், தென்காசி.

நகல்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் (டிட்கோ), சென்னை.

பொருள்: இராணுவக் கவச வாகன ஒப்பந்தங்களில் சிறு நெசவுக் கூடங்களுக்கு இடம் கோருதல் தொடர்பாக.



2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த குண்டுத் தாக்குதலில் பலியான 40 மத்திய ரிசர்வ் காவல் படை வீரர்களில் ஒருவர் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துச் சவலாப்பேரிக்காரர். அவர்கள் சென்ற பேருந்துக்குக் கவசம் கிடையாது.

அத்தகைய தாக்குதல்களிலிருந்து வீரர்களைக் காக்கும் கவச வாகன ஒப்பந்தங்களுக்கு இன்று பெரிய நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. 2021இல் கல்யாணி எம்4 கவச வாகனங்களுக்காக பாரத் ஃபோர்ஜ் ரூ.177.95 கோடிக்கும், 1,300 இலகுரகக் கவச வாகனங்களுக்காக மகிந்திரா ரூ.1,056 கோடிக்கும் ஆர்டர் பெற்றன. ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனத்தின் மேடக் தொழிற்சாலையும் இவ்வகை வாகனங்களைத் தயாரிக்கிறது. அந்தப் போட்டியில் நாங்கள் இல்லை; வாகனம் கட்டுவது எங்கள் தொழிலும் அல்ல.

ஆனால் வெடிப்பில் உடையும் இரும்புச் சில்லுகள் உள்ளே இருப்பவர்மேல் பாயாமல் தடுப்பது உட்சுவரில் உள்ளுறையாகப் பதிக்கும், அராமிட் என்ற வலுவான செயற்கை இழைத் துணி. அடுக்கடுக்காகப் பிசினில் ஒட்டப்பட்டாலும் அதுவும் பாவும் ஊடையும் கொண்ட நெசவுதான். சேலையும் துண்டும் ஓடும் எங்கள் பழைய தறிகளில் அதை நெய்ய முடியாது என்பதை மறைக்கவில்லை. அதற்கு நாடா இல்லாத ரேப்பியர் தறி வேண்டும். நூலும் பெரும்பாலும் இறக்குமதிதான். தனி ஒருவரால் ஆகாத முதலீடு இது. எனவே, கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் (சிட்ரா) வழிகாட்டுதலுடன் சங்கரன்கோவிலில் பொது நெசவுக் கூடம் ஒன்றை அமைத்துத் தர வேண்டுகிறோம். 2020இல் ரூ.1,480 கோடியில் அறிவிக்கப்பட்ட தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் போன்ற திட்டங்கள் எங்கள் ஊர்வரை வர வேண்டாமா?

அடுத்தது டெண்டர் விதி. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். ஒப்பந்தம் தனியாருக்குப் போய்விட்டால் அந்தக் கடமை அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. எங்களுக்கு அடைபடும் கதவு இதுவே. உள்ளுறைத் துணியில் ஒரு பங்கைச் சிறு கூடங்களிடம் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுமாறு பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். தரத்தில் சலுகை கேட்கவில்லை. சோதனையில் தேறாத துணியைத் தயங்காமல் தள்ளிவிடலாம். அந்தச் சோதனைக்காகச் சண்டிகருக்கும் கான்பூருக்கும் அலையாதபடி தமிழகத்திலேயே குறைந்த கட்டணத்தில் வசதி வேண்டும்.

இறுதியாக, 2019இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. திருச்சிக்குத் தெற்கே ஒன்றுமில்லை. தென்மாவட்டங்களையும் வழித்தடத்தில் இணைப்பது குறித்து அதைச் செயல்படுத்தும் டிட்கோ எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்கவும், தங்கள் தலைமையில் எங்களையும் அழைத்துக் கூட்டம் ஒன்று நடத்தவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்