இறுக்கினால் மட்டும் போதுமா?

காரின் அடியில் ஒரு நட்டு ஒரு முறை கழன்றால் அது மெக்கானிக்கின் கவனக்குறைவாக இருக்கலாம். அதே நட்டு மூன்றாம் முறையும் கழன்றால் கோளாறு நட்டில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. இதை நாக்பூர் கராஜ்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கார் வைத்திருக்கும் நாமும் கேட்பதில்லை. "டைட் கர் தியா, சாப்" என்று அவர் சொன்னதும் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் இப்போது ரயிலில் இடம் கிடைக்காமல் கோடை விடுமுறைக்கு என்.எச். 44 வழியாகக் காரிலேயே சேலம், மதுரை என்று கிளம்பிவிடுகிறார்கள். வண்டிக்கு எட்டு, பத்து வயது ஆகியிருக்கும். அடிப்பாகத்தில் கடகட சத்தம் வந்திருக்கும். கம்பெனி பார்ட்ஸ் விலையைக் கேட்டு மலைத்துப்போய், வெளி மார்க்கெட்டில் லிங்க் ராடும் புஷ்ஷும் வாங்கிப் போட்டிருப்பார்கள். அதில் தவறில்லை. வெளி மார்க்கெட் சாமான் எல்லாமே மட்டம் என்று சொல்வது நியாயமும் இல்லை. கார் கம்பெனிக்குச் சப்ளை செய்பவர்களே தங்கள் பெயரில் கடையிலும் விற்பதுண்டு. சாமான் அந்த இடத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்காமல், இறுகிவிட்டதா என்று மட்டும் பார்ப்பதுதான் என் புகார்.

ரயில்வேயில் என் வேலை பெட்டிகள் பக்கம், தண்டவாளம் பக்கம் அல்ல. ஆனாலும் தோளில் ஸ்பேனரும் சுத்தியலும் சுமந்து லைனில் நடக்கும் கீமேனைப் பார்க்காத ரயில்வேக்காரன் யார்? தண்டவாளத்தை மரக்கட்டையில் ஆணியடித்து வைத்திருந்த காலத்தில் அவருக்கு வேலை ஓயாது. கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தபோது ஆணி போய், வளைந்த எஃகுக் கிளிப் வந்தது. அது ஒரு ஸ்பிரிங். மார்க் 3 கிளிப் ஒவ்வொன்றும் தண்டவாளத்தின் அடியை 850 முதல் 1100 கிலோ வரை அழுத்திப் பிடிக்கும். வண்டி ஓடி அடிரப்பர் சிறிது அமுங்கினாலும் ஸ்பிரிங் தொடர்ந்து வந்து பிடித்துக்கொள்ளும்.

காரில் இருக்கும் போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான். இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். நட்டை இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. அது பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்ப்பதால்தான் இரண்டு தகடுகளும் நெருக்கிப் பிடிக்கப்படுகின்றன. நாம் ஸ்பேனரில் போடும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இந்தப் பிடிப்பாக மாறுகிறது. மீதி நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வில் போய்விடுகிறது. ஆகவே கைக்கு இறுக்கமாகத் தெரிவதும் உள்ளே பிடிப்பு இருப்பதும் ஒன்றல்ல. 10 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25 மரையும் உண்டு, 1.5 மரையும் உண்டு. ஒன்றின் மேல் மற்றதை ஏற்றினால் சில சுற்றிலேயே கல் மாதிரி இறுகும். மெக்கானிக் திருப்திப்படுவார், ஆனால் தகடுகளுக்கு நடுவில் பிடிப்பே இருக்காது.

கழலும் நட்டை மறுபடி இறுக்குவதற்கு முன்பு ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. இறுக்கிய பிறகு, நட்டின் மேலிருந்து போல்ட் முனை, தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கீழே குனிந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. அதாவது தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்குகின்றன. கோடு அப்படியே இருந்தும் பிடிப்பு தளர்ந்திருந்தால் நட்டு நகரவே இல்லை. நடுவில் எதுவோ அமுங்கிவிட்டது. இரண்டும் வேறு வேறு வியாதி.

வழுக்குவதால்தான் நட்டு கழல்கிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இயந்திரம் வைத்தே காட்டிவிட்டார். மேலும் கீழும் அதிர்வதைவிட, குறுக்கே வழுக்குவதுதான் நட்டைத் தானாகச் சுழற்றுகிறது. அதே முறையில் சோதித்தால் நம் அபிமான ஸ்பிரிங் வாஷரும் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் கராஜில் முதல் மருந்து ஸ்பிரிங் வாஷர்தான்!

அமுங்கும் வியாதிக்கு நான் கண்ட உதாரணம் ஒன்று. சங்கத்து நண்பர் ஒருவர் தம் காரின் முன்பக்க லோயர் ஆர்முக்கு ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு, "ஆயுசுக்கும் வரும்" என்று விற்ற பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தார். இரண்டு மாதத்தில் மூன்று முறை போல்ட் தளர்ந்தது. மூன்றாம் முறை மெக்கானிக், "காகா, இதை வெல்டு வைத்துவிடுகிறேன்" என்று இந்தியில் என்னிடமே யோசனை கேட்டார். பெயிண்ட் கோடு நகரவே இல்லை. கழற்றி அளந்தோம். புஷ்ஷுக்கு நடுவில் இருக்கும் இரும்புக் குழாய், பிளாஸ்டிக்கைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குட்டை. பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் இரும்பைப் பிடிப்பதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் நாளுக்கு நாள் அமுங்கத்தானே செய்யும்? சரியான நீளத்தில் குழாய் கடைந்து போட்டதும் தொல்லை ஒழிந்தது. வெல்டு வைத்திருந்தால் நட்டு அங்கேயே இருந்திருக்கும், ஆர்ம் ஆடிக்கொண்டிருந்திருக்கும், எச்சரிக்கும் தளர்ச்சி கண்ணில் படாமலே போயிருக்கும். தடிமனான பெயிண்ட் பூசிய புது பிராக்கெட்டுகளிலும் இதே கதைதான். பெயிண்ட் நசுங்கும் அளவுக்குப் பிடிப்பு குறையும். உட்காரும் முகத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும்.

ரப்பர் புஷ்ஷுக்கு வேறொரு சாபம் உண்டு. அதன் நடுக்குழாய் பிராக்கெட்டோடு இறுகி நின்றுவிட, ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைக் கீழே இறக்கிய நிமிடமே ரப்பர் முறுகிப்போகிறது. வண்டி நிற்கும்போதுகூட அது குழாயைத் திருப்பப் பார்க்கிறது. கொஞ்சம் பிடிப்பு குறைந்தால் குழாய் வழுக்கும், நட்டு திரும்பும். வழுக்காவிட்டால் ரப்பர் கிழியும். கார் நான்கு சக்கரத்தில், தன் எடையில் நிற்கும்போது பிட்டுக்குள் இறங்கித்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் கூட ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கேட்டால் கொடுப்போம்.

ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்து வண்டியை உயர்த்துபவர்களுக்கு இன்னும் மோசம். எல்லா ஆர்மும் எந்நேரமும் கோணலாகவே நிற்கும், லிங்க் ராடின் பந்து மூட்டு தன் எல்லையில் போய் முட்டும். பிறகு ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் கழலும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், ஸ்பேசரைக் கழற்றினாலே பாதி வியாதி தீரும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: 2007 பிப்ரவரி 23 அன்று இங்கிலாந்தில் கிரேரிக் என்ற இடத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு ஒருவர் இறந்தார். பாயிண்ட்டில் இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் குறுக்குத் தண்டின் இணைப்பு கழன்றதில் வந்த வினை. ஐந்து நாள் முன்னர் நடக்க வேண்டிய பார்வையிடலும் விடுபட்டிருந்தது. 2002-இல் பாட்டர்ஸ் பாரில் 7 பேர் இறந்ததும் பாயிண்ட்டில் நட்டுகள் கழன்ற விபத்தில்தான். ரயில்வேயில் ஒரு நட்டு போனால் விசாரணைக் கமிட்டி உட்காரும். காரில் அப்படி யார் உட்காருவார்கள்? லோயர் ஆர்ம் போல்ட் நூறு கிலோமீட்டர் வேகத்தில் விட்டுப்போனால் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்; பின் சீட்டில் பேரக்குழந்தைகள் இருப்பார்கள்.

ஆகையால் ஊருக்குக் கிளம்பும் முன், கடைசி நாள் வேலையாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து நாள் முன்பே சாமானைப் போட்டு, கோடு இழுத்து, ஊருக்குள் ஓட்டி, மறுபடி பாருங்கள். நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் புதியது போடச் சொல்லுங்கள். பத்து, இருபது ரூபாய் சமாசாரம். ஏர் கன்னால் டரடரவென்று இறுக்கினால் தடுத்து, டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சிரிக்கிறவர் சிரிக்கட்டும். எண் தெரியாது என்று சொல்கிறவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போய்விடுங்கள்.